கணுக்கால் பிசகினால்: விழுந்த நிமிடம் முதல் மீண்டும் ஓடும் நாள் வரை

போன மழைக்காலத்தில் ஒரு கல்லூரி மாணவி தன் அம்மாவுடன் என்னைப் பார்க்க வந்தாள். வாலிபால் ஆடுகிறவள். வலது கணுக்கால் ஆறு மாதத்தில் மூன்று முறை மடங்கிவிட்டது. "இப்போது வலி ஒன்றும் இல்லை சார். ஆனால் குதித்து இறங்கும்போது கால் தானாகப் போய்விடுகிறது" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு இடது காலில் மட்டும் நின்று கண்ணை மூடச் சொன்னேன். முப்பது வினாடி ஆடாமல் நின்றாள். வலது காலுக்கு மாறினாள். கண்ணை மூடிய மறுநொடியே புறங்காலில் நரம்புகள் புடைத்துத் துடித்தன. பெருவிரல் தரையைப் பிறாண்டியது. நான்காவது வினாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் முகம் மாறிவிட்டது. "வலிதான் இல்லையே, பிறகு ஏன் இப்படி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நான் இயன்முறை சிகிச்சை செய்பவன். கணுக்கால் பிசகியவர்களில் பெரும்பாலோர் வீக்கம் வடிந்த அன்றே சிகிச்சையை முடித்துக்கொள்வதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். முதல் வாரம் கட்டுப் போடுகிறார்கள், தைலம் தடவுகிறார்கள், காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு செய்ய வேண்டிய வேலைதான் பெரியது. அது தொடங்காமலே நின்றுவிடுகிறது. வலி போவது வேறு, கால் குணமாவது வேறு. இரண்டுக்கும் இடையே பல வாரங்கள் இருக்கின்றன. அந்த வாரங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

உள்ளே நடப்பது

படியில் கால் தவறினாலும், மழைத் தண்ணீரில் தெரியாத குழியில் இறங்கினாலும், பெரும்பாலும் உள்ளங்கால் உட்புறமாகத் திரும்பிவிடுகிறது. உடம்பின் பாரம் முழுவதும் கணுவின் வெளிப்பக்கத்தில் விழுகிறது. அந்தப் பக்கம் எலும்பை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநார்கள் மூன்று. வெளிக்கணுவுக்கு முன்னால் இருப்பது மூன்றிலும் மெலிந்தது. முதலில் கிழிவது அதுதான். விசை இன்னும் அதிகமானால் கணுவிலிருந்து குதிகாலுக்கு இறங்கும் இரண்டாவது நாரும் கிழியும். பின்னால் இருக்கும் மூன்றாவது நார், மூட்டே விலகும் அளவுக்கு அடிபட்டால்தான் பாதிக்கப்படும்.

நார் இழுபட்டதோடு நின்றால் முதல் நிலை. ஒரு பகுதி கிழிந்தால் இரண்டாம் நிலை. முழுவதும் அறுந்தால் மூன்றாம் நிலை. அன்றாட வேலைக்குத் திரும்ப முதல் நிலைக்கு 1 முதல் 3 வாரம், இரண்டாம் நிலைக்கு 3 முதல் 6 வாரம், மூன்றாம் நிலைக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும் என்று பொதுவாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். கிழிந்த நார் உள்ளுக்குள் பழைய உறுதியை நெருங்க இதைவிட அதிகக் காலம் பிடிக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அந்த மாணவியின் கதை அதில்தான் இருக்கிறது. தசைநார் கட்டுக் கயிறாக மட்டும் வேலை செய்வதில்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று நொடிக்கு நொடி சேதி அனுப்பும் உணர்வு முனைகள் அதற்குள் இருக்கின்றன. பாதம் சாயத் தொடங்கியதும் அந்தச் சேதி போய், கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசைகள் இழுத்து நிமிர்த்திவிடும். நாம் யோசிப்பதற்கு முன்பே இது நடந்து முடிந்துவிடும். நார் கிழியும்போது இந்தச் சேதிப் போக்குவரத்தும் கெடுகிறது. நார் ஒட்டிக்கொண்ட பிறகும் சேதி தாமதமாகவே வருகிறது. 1965-இல் பிரிட்டனின் எலும்பு மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமன், "கால் போய்விடுகிறது" என்று முறையிட்டவர்களை ஆராய்ந்து இதைத்தான் எழுதினார். ஆடும் பலகையில் நின்று பழகியவர்களுக்கு அந்தத் தொல்லை குறைந்ததையும் அவர் காட்டினார்.

முதல் வேலை: எலும்பா, நாரா?

கால் மடங்கியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி எலும்பு முறிந்திருக்கிறதா என்பது. இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற அவசர சிகிச்சை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1992-இல் வெளியிட்டது. உலகம் முழுவதும் அவசரப் பிரிவுகளில் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

விரலால் நான்கு இடங்களை அழுத்திப் பாருங்கள். வெளிக்கணு எலும்பின் நுனியும், நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை அதன் பின் விளிம்பும். உட்கணுவிலும் அதே இடம். பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலிலிருந்து பின்னோக்கித் தடவிக்கொண்டே வந்தால் ஏறக்குறைய நடுவில் ஒரு எலும்பு முடிச்சு துருத்தும். அது மூன்றாவது இடம். பாதத்தின் உட்பக்க வளைவுக்கு மேலே, உட்கணுவுக்குச் சற்று முன்னால் இருக்கும் எலும்பு நான்காவது. இவற்றில் எங்காவது எலும்பின் மேல் அழுத்தும்போது வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும் சரி, பிறகு மருத்துவமனையிலும் சரி, நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே வேண்டும். நொண்டி நடந்தாலும் அது நடையாகவே கணக்கு. இவை எதுவும் இல்லையென்றால் முறிவு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

கால் கோணிக்கொண்டு தெரிந்தாலோ, விரல்கள் மரத்துச் சில்லிட்டு நீலம் பாய்ந்தாலோ எந்தச் சோதனையும் வேண்டாம், வண்டி பிடித்துக் கிளம்பிவிடுங்கள். கணுவைவிட மேலே, முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளுக்கு இடையே வலித்தால் அது வேறு வகைச் சுளுக்கு; ஆற அதிக நாள் எடுக்கும், மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாரோ கெண்டைக்காலில் அடித்ததுபோல் "பட்" என்று கேட்டு, பிறகு நுனிக்காலில் எழும்ப முடியவில்லையென்றால் குதிகால் நாண் அறுந்திருக்கலாம். அதையும் தள்ளிப்போடக் கூடாது.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரையால் பாத உணர்வு மங்கியிருந்தால் மேலே சொன்ன சோதனை உங்களுக்குச் செல்லாது, ஏனென்றால் முறிந்தாலும் வலி தெரியாமல் போகலாம். அதைவிடக் கவலைப்பட வேண்டியது ஒன்று உண்டு. பாதமோ கணுவோ வீங்கிச் சிவந்து, புறங்கையை வைத்துப் பார்த்தால் மற்றக் காலைவிடச் சூடாக இருக்கும். வலி பெரிதாக இருக்காது. எக்ஸ்ரேகூடத் தொடக்கத்தில் சரியாகவே தெரியும். சாதாரணச் சுளுக்கு என்று எண்ணி நடந்துகொண்டே இருந்தால் பாத எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கி, பாதத்தின் வடிவமே கெட்டுவிடும். இதற்குச் சார்க்கோ பாதம் என்று பெயர். அறிகுறி தெரிந்த அன்றே மருத்துவரைப் பாருங்கள். அதுவரை அந்தக் காலை ஊன்றாதீர்கள். இது இல்லையென்று உறுதியான பிறகே கீழே வரும் பயிற்சிகள் உங்களுக்கு.

முதல் மூன்று நாள்

1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் வகுத்த முறை இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கிறது: ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்துதல். பிற்காலத்தில் மிர்கினே ஐஸ் பற்றிய தன் கருத்தை மாற்றிக்கொண்டார். வீக்கம் என்பது உடல் தன்னைச் சரிசெய்யும் வேலையின் ஒரு பகுதி. அதை அடியோடு அடக்குவது காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்பது அவர் வாதம். என் வழக்கம் நடுவில் நிற்கிறது. வலி தாங்க முடியாவிட்டால் ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள், இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வேண்டுமானால் மறுபடியும். தோலில் நேராக வைக்காதீர்கள். வலி தாங்கும்படி இருந்தால் ஐஸ் இல்லாமலும் சமாளிக்கலாம்.

கிரேப் பேண்டேஜ் கட்டுவதில்தான் பலர் தவறுகிறார்கள். விரல்களின் அடியில் தொடங்கி, கணுவைச் சுற்றி எட்டு என்ற எண்ணைப்போல் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, கெண்டைக்கால் நோக்கி மேலே ஏற வேண்டும். கீழே இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கட்டும். கட்டி முடித்ததும் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் அவிழ்த்துக் கட்டுங்கள். தூங்கும்போது தளர்த்திவிடுங்கள்.

காலை உயர்த்துவதென்றால் முக்காலியின் மேல் வைப்பது போதாது. படுத்துக்கொண்டு, கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்கும்படி இரண்டு தலையணை வைக்க வேண்டும். அப்படி வைத்தபடியே விரல்களை மடக்கி விரியுங்கள், வலிக்காத அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். மணிக்கு ஒருமுறை இருபது தடவை. கெண்டைச் சதை சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும் தேங்கிய நீர் மேலே ஏறும்.

இந்த மூன்று நாளில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சுளுக்கு வழிப்பதும் வேண்டாம். சுளுக்கு வழிப்பவர்களின் கையை நான் குறைத்துப் பேசவில்லை. கழுத்துப் பிடிப்பிலும் இடுப்புப் பிடிப்பிலும் அவர்களிடம் கிடைக்கும் நிம்மதி மெய்யானது. ஆனால் கணுக்காலில் புதிதாகக் கிழிந்த நாரை எண்ணெய் விட்டு அழுத்தி இழுத்தால் உள்ளே ரத்தக் கசிவு கூடும். முறிவு இருந்தால் எலும்பு விலகும். வீட்டில் பாட்டி மூசாம்பரம் குழைத்துப் பற்றுப் போட்டால், தோலில் புண் இல்லாதவரை நான் தடுப்பதில்லை. பற்று காய்ந்து இறுகும்போது கால் அசையாமல் இருப்பது ஆறுதலாகத்தான் இருக்கும். அதன்மேல் துணியைச் சுற்றி இரண்டு வாரம் காலை அசைக்காமல் போட்டுவிடுவதில்தான் சங்கடம். எலும்பு என்று பயந்து ஆந்திர எல்லையிலுள்ள புத்தூருக்குக் கட்டுப் போடக் கிளம்புகிறவர்களும் உண்டு. எங்கு போவதாக இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் போங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

வலி மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகள் ஆகாது.

நடக்கத் தொடங்குதல்

முதல், இரண்டாம் நிலைச் சுளுக்கென்றால் மூன்றாவது அல்லது நான்காவது நாளிலிருந்து காலை ஊன்றத் தொடங்கலாம். நாள்கணக்கில் படுத்தே இருந்தவர்களைவிட, அளவோடு சீக்கிரம் நடக்கத் தொடங்கியவர்கள் விரைவாகத் தேறுகிறார்கள்.

கைத்தடியை அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் பிடியுங்கள். வலது கால் என்றால் இடது கை. தடியும் நோகும் காலும் சேர்ந்து முன்னே போக வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். குதிகால் தரையில் பட்டு, பாரம் பாதத்தின் மேல் உருண்டு, பெருவிரலால் உந்தி எழுவதுதான் நடை. வலிக்குப் பயந்து பாதத்தை வெளியே திருப்பிவைத்து இழுத்து நடக்கும் பழக்கம் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு முழங்காலும் இடுப்பும் நோகும். வேகம் வேண்டாம், சின்ன அடிகளாக வையுங்கள், ஆனால் நேராக வையுங்கள்.

உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெருவிரலைப் பேனாவாக நினைத்துக்கொண்டு காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள். கெண்டைக்கால் அசையக் கூடாது, கணு மட்டுமே எழுத வேண்டும். நம் உயிரெழுத்துகளின் சுழிகளும் வளைவுகளும் கணுவை எல்லாத் திசையிலும் திருப்பிவிடும். இ, ஐ, ஔ மூன்றையும் பெரிதாக எழுதுங்கள். நாளைக்கு மூன்று வேளை.

எவ்வளவு வலி வரலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். வலியே இல்லாததைப் பூஜ்யம் என்றும் தாங்கவே முடியாததைப் பத்து என்றும் வைத்துக்கொண்டால், பயிற்சியின்போது மூன்று வரை வரலாம். உண்மையான தீர்ப்பு மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது வரும். நேற்றைவிட விறைப்போ வீக்கமோ கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். இன்று பாதியாகக் குறையுங்கள். கூடவில்லையென்றால் அதே அளவில் போகலாம். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதால் கால் சீக்கிரம் தேறாது. அசைக்கவே பயந்து கிடந்தாலும் தேறாது.

இந்த வாரங்களில் இந்திய முறைக் கழிப்பறையில் குந்த வேண்டாம். அதன்மேல் வைத்துக்கொள்ளும் நாற்காலிகள் மருத்துவப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். இருசக்கர வண்டியும் வேண்டாம். பிரேக்குக்கும் கியருக்கும் கால் வேண்டும் என்பது தெரிந்ததே. சிக்னலில் வண்டி சாயும்போது தன்னிச்சையாக ஊன்றும் கால் இந்தக் காலாக இருந்துவிட்டால் மறுபடியும் முதல் நாள் நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

கணு மடங்க வேண்டும்

நாற்காலியில் வாழ்கிறவர்களுக்குக் கணு எவ்வளவு மடங்குகிறது என்பது பெரிய விஷயமாகத் தெரியாது. நமக்குத் தெரியும். குந்தி உட்கார, சம்மணமிட்டு எழ, நாற்று நட, கோலம் போட, அம்மியில் குனிய எல்லாவற்றுக்கும் பாதம் கெண்டைக்காலை நோக்கி நன்றாக மடங்க வேண்டும். பிசகிய கணுவில் முதலில் குறைவது இந்த மடக்கம்தான். அறுபதை நெருங்கிய ஒரு அம்மா என்னிடம் வந்தபோது சொன்ன ஒரே குறை, வாசலில் உட்கார்ந்து கோலம் போட முடியவில்லை, குதிகால் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்கிறது என்பதுதான்.

சுவருக்கு முன்னால் நில்லுங்கள். பாதத்தைச் சுவருக்கு நேராக வைத்து, குதிகாலைத் தூக்காமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடுங்கள். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி மறுபடியும் தொடுங்கள். குதிகால் எழும்பாமல் தொடக்கூடிய கடைசி இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும் காலில் இது 10 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் இலக்கு, இரண்டு காலுக்கும் இடையே 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் கொண்டுவருவது. இந்தச் சோதனையே பயிற்சியும்கூட. நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு முப்பது முறை. முழங்கால் உள்ளே சரியாமல் இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். அந்த அம்மா வந்த அன்று 3 சென்டிமீட்டர் எட்டினார். ஐந்து வாரத்தில் 8. குந்தி எழ அவருக்கு அது போதுமாக இருந்தது.

கெண்டைச் சதையையும் நீட்டி விடுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைப் பாதத்தில் கோத்து இழுத்து முப்பது வினாடி பிடியுங்கள். மூன்று முறை.

பலம்

அடிபட்ட ஒரு வாரத்திலேயே சாயும் பாதத்தை நிமிர்த்தும் வெளிப்பக்கத் தசைகளுக்கு வேலை கொடுக்கத் தொடங்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தின் வெளி ஓரத்தைக் கட்டில் காலில் வைத்து அழுத்துங்கள். கணு அசையாமல் ஐந்து வினாடி, பத்து முறை. வலிக்காமல் முடிந்தால் ரப்பர் பட்டைக்கு மாறுங்கள். ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டி, பாதத்தை வெளியே திருப்பி மெதுவாகத் திரும்ப விடுங்கள். திரும்ப விடுவதை அவசரப்படுத்தாதீர்கள். பாதம் சாயும்போது தசை செய்ய வேண்டிய வேலை அப்படியே அதுதான்: நீண்டுகொண்டே பிடித்து நிறுத்துவது.

அடுத்தது குதிகால் உயர்த்துதல். அடுப்படி மேடையை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு இரண்டு காலிலும் எழும்புங்கள். பதினைந்து முறை சுலபமாக வந்தால், இரண்டு காலில் எழும்பி அடிபட்ட காலில் மட்டும் இறங்குங்கள். அதுவும் பழகிய பிறகு ஒற்றைக் காலில் எழும்புங்கள். நல்ல காலில் எத்தனை முடிகிறதோ அத்தனையும் இந்தக் காலில் முடிய வேண்டும். ஆரோக்கியமான இளைஞருக்கு 25 என்பது வழக்கமான அளவுகோல். கடைசி ஐந்தில் உயரம் குறைந்தால் அந்த ஐந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கணுவுக்காக இடுப்பையும் பலப்படுத்த வேண்டும் என்றால் வியப்பாக இருக்கும். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டீஃபன் கரிக்கு வலது கணுக்காலில் 2011-லும் 2012-லும் அறுவை சிகிச்சை நடந்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கையே முடிந்துவிடுமோ என்று பேசப்பட்ட காலம் அது. பிறகு அவருடைய பயிற்சியாளர்கள் இடுப்பும் பிட்டமும் பாரம் தாங்கும்படி உடலைத் திருத்தினார்கள். 2015-லும் 2016-லும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-வின் மதிப்புமிக்க வீரர் விருது அவருக்கே கிடைத்தது. நீங்கள் பக்கவாட்டில் படுத்து மேல் காலை நேராகத் தூக்கி இறக்கினாலே தொடக்கத்துக்குப் போதும். பதினைந்து முறை, மூன்று சுற்று.

நிற்கக் கற்றுக்கொள்ளுதல்

மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். கால் இழந்த சேதி திரும்ப வருவது இந்தப் பயிற்சியில்தான்.

செருப்பில்லாமல் செய்யுங்கள், உள்ளங்கால் தரையை உணர வேண்டும். வயதானவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் மேடையோ சுவரோ இருக்கும் இடத்தில் நில்லுங்கள். முதலில் கண்ணைத் திறந்தபடி ஒற்றைக் காலில் முப்பது வினாடி. முழங்கால் சற்றே மடங்கியிருக்கட்டும். பாதத்தின் மூன்று புள்ளிகளில் பாரம் சமமாக இருக்கிறதா என்று கவனியுங்கள்: குதிகால், பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி. பாரம் வெளி ஓரத்துக்கு ஓடினால் பெருவிரலடியைத் தரையில் பதியுங்கள். கணு நடுங்கும். நடுங்கட்டும், அந்த நடுக்கமே சேதி போய் வருவதன் அடையாளம்.

முப்பது வினாடி நிலைத்து நின்ற பிறகு, நின்றபடியே தலையை இடமும் வலமும் திருப்புங்கள். அதற்குப் பிறகு கண்ணை மூடுங்கள். இங்கேதான் எல்லோரும் திடுக்கிடுவார்கள். கண் இத்தனை நாள் காலின் குறையை மறைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரியும். கண்ணை மூடிப் பதினைந்து வினாடி வந்தால் தலையணையின் மேல் நில்லுங்கள். அதுவும் கைவந்தால் யாரையாவது பந்து போடச் சொல்லிப் பிடியுங்கள்.

இன்னொரு பயிற்சி: ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் விரல் நுனியால் முன்னால் ஒரு இடம், பின்னால் இடப்பக்கம், பின்னால் வலப்பக்கம் என மூன்று திசையில் முடிந்தவரை எட்டித் தரையைத் தொட்டுத் திரும்புங்கள். தொட்ட இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். வாரத்துக்கு வாரம் கோடு தள்ளிப் போவதைப் பார்ப்பது எந்த மருந்துச் சீட்டும் தராத தெம்பைத் தரும்.

இதற்கெல்லாம் தனியாக நேரம் இல்லை என்பவர்களுக்குச் சொல்வது: பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். காலையில் இரண்டு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம்.

இது என் நம்பிக்கை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தில் கணு பிசகிய 522 விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சைக்குப் பிறகு வீட்டிலேயே எட்டு வாரம் சமநிலைப் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் வழக்கமான சிகிச்சையோடு நின்றார்கள். அடுத்த ஒரு வருடத்தில் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கும், செய்யாதவர்களில் 33 பேருக்கும் மறுபடியும் பிசகியது. வீட்டில், சொந்தமாக, எட்டே வாரம் செய்ததில் வந்த வித்தியாசம் அது.

ஓட்டமும் ஆட்டமும்

நாட்காட்டியைப் பார்த்து ஓடத் தொடங்காதீர்கள். அரைமணி நேரம் வேகமாக நடந்து மறுநாள் வீக்கம் இல்லாமலிருக்க வேண்டும். சுவர்ச் சோதனையில் இரண்டு காலும் நெருங்கியிருக்க வேண்டும். ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துவது நல்ல காலுக்கு ஈடாக வர வேண்டும். ஒற்றைக் காலில் பத்து முறை குதிக்க வலிக்கக் கூடாது. நான்கும் வந்துவிட்டால் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை எனப் பத்து முறை; ஒருநாள் விட்டு ஒருநாள். சமதளமான மைதானம் நல்லது. கடற்கரை மணல் மெத்தென்று இருப்பதால் காலுக்கு இதம் என்று பலர் நினைக்கிறார்கள். சரிந்து நெகிழும் மணலில்தான் கணு அதிகம் அலைக்கழியும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேர் ஓட்டம் பழகிய பிறகு பெரிய எட்டுப்போல் வளைந்து ஓடுங்கள். எட்டைப் படிப்படியாகச் சின்னதாக்குங்கள். பிறகு திடீரென நின்று திரும்புதல், பக்கவாட்டில் பாய்தல், குதித்து இறங்குதல். கபடி ஆடுகிறவர் பிடியிலிருந்து பின்வாங்கிப் பழக வேண்டும். வாலிபால் ஆடுகிறவர் வலைக்கு முன் குதித்து, பக்கத்து ஆட்டக்காரரின் காலை மிதித்துவிடாமல் இறங்கிப் பழக வேண்டும். ஒற்றைக் காலில் தாண்டும் தூரம் நல்ல காலின் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது வந்த பிறகே போட்டி.

ஒருமுறை பிசகிய காலுக்கு ஆட்டத்தின்போது கயிறு கட்டும் வகை கணுப்பட்டை அணிவது மறுபடியும் பிசகுவதைக் குறைக்கிறது. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை அணியலாம். பட்டை அணிந்தால் தசை பலவீனமாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். பயிற்சி தொடரும்வரை அப்படி ஆகாது. வீட்டில் நடக்கும்போது அது தேவையில்லை.

முறிவும் அறுவை சிகிச்சையும்

முறிவுக்கு மாவுக்கட்டுப் போட்டவர்கள் எப்போது காலை ஊன்றலாம் என்பதை அவர்களின் எலும்பு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கட்டைப் பிரித்ததும் கெண்டைக்கால் மெலிந்து, தோல் உலர்ந்து, கணு மரக்கட்டைபோல் இருக்கும், பதற வேண்டாம். உயிரெழுத்து எழுதுவதிலிருந்து தொடங்கி இதே வரிசையில் வரலாம். கட்டு இருக்கும்போதோ அதன் பிறகோ கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். மூச்சும் திணறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் வலி அப்படியே இருந்தால், அல்லது மூட்டு பூட்டிக்கொள்வதுபோல் இருந்தால், உள்ளே குருத்தெலும்பு அடிபட்டிருக்கக்கூடும். எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். சில மாதப் பயிற்சிக்குப் பிறகும் கால் மடங்கிக்கொண்டே இருந்தால் நாரை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த ப்ரோஸ்ட்ராம் 1966-இல் விவரித்த முறையின் திருத்திய வடிவம்தான் இன்றும் பெரும்பாலும் செய்யப்படுகிறது. அதற்குப் பிறகும் நிற்கக் கற்றுக்கொள்ளும் வேலை பாக்கி இருக்கும்.

வாலிபால் மாணவிக்கு அது தேவைப்படவில்லை. பன்னிரண்டு வாரம் ஆனது. ஏழாவது வாரத்தில் மனம் சலித்து இரண்டு தடவை வராமல் இருந்தாள். தரையில் போட்ட சுண்ணக்கோடுகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், கோடு நகர்ந்திருப்பதைக் கண்ட பிறகு அவளாகவே வந்தாள். இப்போது கணுப்பட்டையோடு ஆடுகிறாள். சென்ற மாதம் அவளுடைய அம்மா தொலைபேசியில் பேசினார். மகள் இன்னும் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். பார்த்துப் பார்த்துத் தானும் நின்று பழகுவதாகவும், இடது காலில் கண்ணை மூடிப் பத்து எண்ணும்வரை வந்துவிட்டதாகவும் சொன்னார்.